கணினிக்குள்ளே சுவரும் பங்கீடும்



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிகளை அடைத்தார்கள், பாடம் கைப்பேசிக்கு வந்தது. எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அம்மா பால் வெட்டு முடித்து வந்த பிறகுதான் அது பிள்ளைகளின் கைக்குக் கிடைக்கும். அந்தப் பிள்ளை மூன்று நாளாகப் பயிற்சியை அனுப்பவில்லை. கேட்டேன். "எழுதிக்கிட்டே இருந்தேன் சார், தானா அழிஞ்சு போச்சு" என்றாள். நான் நம்பவில்லை. மற்றப் பிள்ளைகளால் அனுப்ப முடிகிறதே என்று கடிந்துகொண்டேன். அம்மாவிடமும் அவளுக்கு அடி விழுந்தது என்று பின்னால் தெரிந்தது.

சில நாள் கழித்து அந்த அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கே வந்துவிட்டார். "ரிப்பேரா பாருங்க சார்" என்றார். நான் பயிற்சிப் பக்கத்தைத் திறந்து நான்கு வரி எழுதினேன். அந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் வந்தார். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் பக்கம் வெறுமையாக இருந்தது. நான் எழுதிய நான்கு வரியும் இல்லை.

பிள்ளை பொய் சொல்லவில்லை. கைப்பேசியிலும் கோளாறு இல்லை. அதற்குள் இருக்கும் ஒரு கண்காணிப்பாளர் அவளுடைய பாடத்தை நிறுத்தி, இடத்தைப் பறித்து, வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார். யார் அவர், அவருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது, அதைக் கட்டியவர்கள் யார் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்குக் 'கெர்னல்' என்ற சொல் பழக்கமானது. பழத்தின் சதை போய், கொட்டை உடைந்த பின் உள்ளே இருக்கும் பருப்பு அது. கணினிக்காரர்களும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நாம் தொட்டுப் பார்க்கிற படங்கள், எழுத்துகள், பொத்தான்கள் எல்லாம் சதை. உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், இயந்திரத்தின் உறுப்புகளை நேரடியாக ஆளும் பகுதி கெர்னல். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் நாம் 'பணி' என்று சொல்லிக்கொள்வோம். உங்கள் கைப்பேசியில் இந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான பணிகள் ஓடுகின்றன. அவை அத்தனைக்கும் நினைவகம் ஒன்று, கணக்கிடும் சில்லு ஒன்று, சேமிப்பிடம் ஒன்று. யாருக்கு எப்போது எவ்வளவு என்பதைக் கெர்னல்தான் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒரு பணி எதையெல்லாம் பார்க்கலாம், தொடலாம் என்பது ஒன்று. எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முன்னது சுவர், பின்னது பங்கீடு. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள்; கணினி வல்லுநர்களே பேச்சுவாக்கில் குழப்பிக்கொள்வார்கள். ஆனால் லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்குள் வராமல் சுவர் தடுக்கும். அவர் பொதுக் குழாயில் காலை முழுதும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால் சுவர் என்ன செய்யும்?

முதலில் சுவரைப் பார்ப்போம்.

பல பேர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் செய்து காட்டினார்கள். அப்போதெல்லாம் ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். விலையோ மலைக்க வைக்கும். ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இயந்திரம் சும்மா இருக்கலாமா? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு நொடிப்பொழுது கொடுத்து, அடுத்தவருக்கு மாறி, மீண்டும் முதலாமவரிடம் வந்தார்கள். ஆனால் ஒருவருடைய நிரல் தவறு செய்தால் எல்லாருடைய வேலையும் பாழாகும். அதற்காக நினைவகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மேற்பார்வை செய்யும் நிரலுக்கு மட்டும் ஒதுக்கி, மற்றவர் அதைத் தொட முடியாதபடி இயந்திரத்திலேயே காவல் வைத்தார்கள்.

இந்தக் காவல் எவ்வளவு பெரிய காரியம் என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரியும். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் கணினி அறையில் இருந்த இயந்திரங்களில் ஒரு நிரல் உறைந்தால் எல்லாமே உறைந்துவிடும். பாதி எழுதிய பாடத்திட்டம் திரையில் நிற்க, மின்சாரத்தை அணைத்துவிட்டு மறுபடி தொடங்குவோம். இன்று ஒரு செயலி சிக்கிக்கொண்டால் அது மட்டும் சாகிறது. பக்கத்தில் பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது.

இதை எப்படிச் செய்கிறார்கள்? நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட்டு கொண்ட சிறு சிறு பக்கங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் கெர்னல் ஒரு முகவரிப் பட்டியல் எழுதித் தருகிறது. பணி "என்னுடைய பத்தாம் பக்கம்" என்று கேட்டால், பட்டியலைப் பார்த்துச் சில்லு உண்மையான இடத்துக்குக் கொண்டுபோகும். பக்கத்துப் பணிக்கும் ஒரு பத்தாம் பக்கம் உண்டு. அது வேறோர் இடம். ஒவ்வொரு லயத்திலும் பத்தாம் எண் வீடு இருப்பதைப் போல. பட்டியலில் இல்லாத பக்கத்தைக் கேட்டால் கெர்னல் அந்தப் பணியை அங்கேயே நிறுத்திவிடும். அடுத்த வீட்டின் முகவரியைச் சொல்லிக் கேட்பதற்கே அதற்கு வழியில்லை.

நினைவகத்துக்குச் சுவர் வந்துவிட்டது. ஆனால் கோப்புகள் பொது. கணினியின் பெயர் பொது. யார் யார் ஓடுகிறார்கள் என்ற பட்டியல் பொது. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சி-எச்-ரூட்' என்று ஒரு கட்டளை சேர்ந்தது. ஒரு பணிக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, "இதுதான் முழு மரம்" என்று நம்ப வைக்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் கூரைவரை போகாது என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா? ஒரு வீட்டுச் சண்டை ஆறு வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டிலும் இறங்கும். சி-எச்-ரூட்டும் அத்தகைய சுவர். உள்ளே இருப்பவர் மற்றப் பணிகளைப் பார்க்கலாம், வலைப்பின்னலைத் தொடலாம். நிர்வாகி அதிகாரம் உள்ளவர் ஏறிக் குதித்தும் வெளியே வந்துவிடலாம்.

அந்தச் சுவரைக் கூரைவரை உயர்த்தியவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த போல்-ஹென்னிங் காம்ப். 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீ-பி-எஸ்-டி என்னும் இயங்குதளத்தில் 'ஜெயில்' என்ற பெயரில் அவருடைய வேலை வந்தது. சிறைதான். உள்ளே இருப்பவர் நிர்வாகியே ஆனாலும் அவருடைய அதிகாரம் அந்தச் சிறைக்குள்தான் செல்லும்.

இனி லினக்ஸுக்கு வருவோம். ஃபின்லாந்து நாட்டில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய கெர்னல் அது. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்கள் கையில் இருப்பது அதன் ஒரு வடிவம்தான். உலகம் முழுவதிலும் உள்ள பொறியாளர்கள் திருத்தங்களை அனுப்புகிறார்கள், மற்றவர்கள் அவற்றைக் கிழித்துப் பார்க்கிறார்கள், தேறியவை சேர்கின்றன. ஆகவே லினக்ஸின் சுவர் ஒரே நாளில் எழவில்லை. 2002-இல் கோப்பு மரத்துக்கு ஒரு தடுப்பு. 2006-இல் கணினியின் பெயருக்கு ஒன்று. 2008 ஜனவரியில் பணிகளின் எண்களுக்கு ஒன்று. அதன்பின் வலைப்பின்னலுக்கு. இவற்றைப் 'பெயர்வெளிகள்' என்கிறார்கள். 2013-இல் ஆட்களுக்கான பெயர்வெளி நிறைவடைந்தது. இது எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தம் பெயர்வெளிக்குள் நிர்வாகி. வெளியே வந்தால் சாதாரண ஆள். ஒரு தோட்டத்துக் கங்காணி அடுத்த தோட்டத்துக்கு விருந்தாளியாகப் போனால் அங்கே அவர் பேச்சுக்கு யார் பெரட்டில் நிற்பார்கள்? அதுபோலத்தான்.

சரி, சுவர் ஆயிற்று. குழாயடிச் சண்டை அப்படியே இருக்கிறதே!

பங்கீட்டு ஏற்பாடு வேண்டும் என்று ஐ.பி.எம். பொறியாளர்கள் 2004 வாக்கிலேயே ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தார்கள். அது கெர்னலின் பல இடங்களைத் தொட்டது, ஏற்றுக்கொள்ளப்படவில்லை. கூகல் நிறுவனத்தில் பால் மெனேஜ், ரோஹித் சேத் என்ற இரு பொறியாளர்கள் 2006-இல் வேறு வழியில் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் பலவகைப் பணிகளைக் கலந்து ஓட்டும் நிறுவனம் அது. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடாமல் பார்ப்பது அவர்களுக்கு அன்றாடத் தேவை. முதலில் வைத்த பெயர் 'கொள்கலன்'. அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்ததால் 2007-இல் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று மாற்றினார்கள். சுருக்கமாக 'சி-குரூப்'. 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பில் அது லினக்ஸுக்குள் சேர்ந்தது. நினைவகத்தைப் பங்கிடும் பகுதியை ஐ.பி.எம். நிறுவனத்தின் பல்பீர் சிங் முன்னின்று எழுதினார். அது அடுத்த பதிப்பில் வந்தது.

இதன் எளிமையைப் பாருங்கள். ஒரு கோப்புறையை உருவாக்கினால் ஒரு குழு பிறக்கிறது. அந்தக் கோப்புறைக்குள் கெர்னலே சில கோப்புகளை வைத்துவிடும். ஒன்றில் பணியின் எண்ணை எழுதினால் பணி அந்தக் குழுவில் சேரும். இன்னொன்றில் ஓர் அளவை எழுதினால் அதுதான் அந்தக் குழுவின் நினைவக எல்லை. அந்தப் பணி பிள்ளை பெற்றால், அதாவது தன்னிலிருந்து வேறு பணிகளைத் தொடங்கினால், அவையும் அதே குழுவில்தான் சேரும். ஆகவே பத்துப் பேராகப் பெருகிப் பத்துப் பங்கு வாங்க முடியாது. எத்தனை பிள்ளை பெறலாம் என்பதற்கும் ஓர் எல்லை 2015-இல் வந்தது.

சில்லின் நேரத்தைப் பங்கிட இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று எடை. எல்லாக் குழுவுக்கும் தொடக்கத்தில் 100 என்று எடை இருக்கும். ஒன்றுக்கு 200 கொடுத்தால், நெரிசல் நேரத்தில் அதற்கு மற்றதைப்போல் இரு மடங்கு நேரம் கிடைக்கும். நெரிசல் இல்லையென்றால் எடை பற்றிப் பேச்சே இல்லை. வரிசையில் ஆள் இல்லாத குழாயில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். மற்றொன்று உச்சவரம்பு. 100 மில்லி நொடிக்கு 50 மில்லி நொடி என்று எழுதிவிட்டால், பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் ஐம்பதுக்கு மேல் கிடையாது. மீதி நேரம் சில்லு சும்மா இருக்கும், குழுவும் சும்மா இருக்கும். கணினி நேரத்தை விலைக்கு விற்பவர்களுக்கு இரண்டாவது வசதி. என்னைக் கேட்டால் முதலாவதுதான் நியாயம்.

நினைவகம் இப்படியல்ல. சில்லின் நேரம் ஓடும் தண்ணீர் மாதிரி. இந்தக் கணம் கிடைக்காவிட்டால் அடுத்த கணம் கிடைக்கும், பணி கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். நினைவகம் வீட்டைப்போல. ஒருவர் குடியேறிவிட்டால் அவர் போகும்வரை இடம் திரும்பாது. அவரை அரைகுறையாகக் காலிசெய்ய முடியாது. ஆகவே இங்கே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். முதல் கோட்டைத் தாண்டினால் கெர்னல் அந்தக் குழுவை மெதுவாக்கி, பழைய பக்கங்களைத் திரும்ப எடுக்கப் பார்க்கும். இரண்டாம் கோட்டில் முட்டிக்கொண்டு, எதையும் திரும்ப எடுக்க முடியாமல் போனால், குழுவுக்குள் ஒரு பணியைக் கொன்றுவிடும்.

இந்த முதல் ஏற்பாட்டில் ஒரு பிழை இருந்தது. அரிசிக்கு ஒரு பேரேடு, எண்ணெய்க்கு ஒரு பேரேடு, இரண்டிலும் குடும்பங்களை வெவ்வேறு விதமாகக் கூட்டிப் பிரித்து எழுதியிருந்தால் கிராணி என்ன பாடுபடுவார்? அப்படித்தான் ஆயிற்று. நினைவகத்துக்கு ஒரு குழு மரம், சேமிப்பிடத்துக்கு வேறொரு குழு மரம். ஒரு பணி எதையாவது எழுதினால் அது முதலில் நினைவகத்தில் நிற்கும். சற்று நேரம் கழித்துக் கெர்னல் அதைச் சேமிப்பிடத்துக்கு அனுப்பும். அப்போது அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது? நினைவகப் பேரேடு ஒரு குழுவைச் சொல்லும். மற்றப் பேரேட்டுக்கு அந்தக் குழுவே தெரியாது. இதைச் சரிசெய்யத் தேஜுன் ஹியோ என்ற பொறியாளர் முன்னின்று உழைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மரம், ஒரே பேரேடு. இந்த இரண்டாம் ஏற்பாடு 2016 மார்ச்சில் வந்த 4.5 பதிப்பில் முறையாக ஏற்கப்பட்டது. பழையதை நம்பி ஓடிய இயந்திரங்கள் ஏராளமாக இருந்ததால், புதியதற்கு எல்லாரும் மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. பேரேட்டைத் தொடக்கத்தில் தவறாகக் கோடு போட்டால் பின்னால் திருத்துவது எவ்வளவு சிரமம் என்பது தோட்ட அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுவரையும் பங்கீட்டையும் ஒரே கட்டாகக் கட்டி, யாரும் எளிதில் பயன்படுத்தும்படி 2013-இல் 'டாக்கர்' என்ற கருவி வந்தது. இன்று இணையத்தின் வங்கிக் கணக்கும் பேருந்துச் சீட்டும் பெரும்பாலும் இத்தகைய கட்டுகளுக்குள்தான் நடக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் கூரை, அதாவது கெர்னல், ஒன்றேதான். 2019 பிப்ரவரியில் ஒரு பிழை வெளியே தெரிய வந்தது: கட்டுக்குள் இருந்தவர், கட்டைத் திறந்து மூடும் வெளிக் கருவியையே மாற்றி எழுதிவிட வழி இருந்தது. உடனே திருத்தினார்கள். முன்பின் தெரியாதவர்களின் பணிகளை ஏற்கிற நிறுவனங்கள் ஆளுக்கொரு தனிக் கெர்னல் கொடுத்துவிடுவதும் இதனால்தான். அது தனி வீடு; செலவும் கூடுதல்.

இப்போது அந்தப் பிள்ளையின் கைப்பேசிக்கு வருவோம்.

விலை குறைந்த கைப்பேசியில் நினைவகம் சிறியது. ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண் போட்டு வைக்கிறது. கண்முன் திரையில் இருப்பதற்கு 0. பின்னால் போய் மறைந்து, யாருக்கும் உடனே தேவைப்படாமல் காத்திருப்பதற்கு 900-க்கு மேல். எண் ஏற ஏறச் சாவு அருகில் என்று பொருள். அதற்கென்று ஒரு காவல் பணி இருக்கிறது. நினைவகம் கிடைக்காமல் மற்றப் பணிகள் எவ்வளவு நேரம் தவித்து நிற்கின்றன என்பதைக் கெர்னல் அளந்து சொல்லும். 2018 கடைசியில் லினக்ஸில் சேர்ந்த அளவை அது, புதிய கைப்பேசிகளில் உண்டு. தவிப்பு கூடியதும் காவல் பணி பெரிய எண்ணைப் பார்த்துக் கொல்லத் தொடங்கும்.

முகம் பார்த்துப் பேசும் அழைப்பு நினைவகத்தை நிறையக் கேட்கும். அது வந்து திரையைப் பிடித்ததும் பாடப் பக்கம் பின்னுக்குப் போனது, எண் ஏறியது, இடம் போதவில்லை, பாடம் செத்தது. கெர்னலுக்கு அது பாடமா பாட்டா என்று தெரியாது. திரையில் இருக்கிறதா இல்லையா என்ற எண் மட்டுமே அதன் கையில் இருக்கிறது. பின்னுக்குப் போகும் முன் எழுதியதைச் சேமித்துக்கொள்ளச் செயலிக்கு ஆண்ட்ராய்டு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. நல்ல செயலிகள் அதைப் பயன்படுத்துகின்றன. நாங்கள் பயன்படுத்திய அந்தப் பயிற்சிப் பக்கம் பயன்படுத்தவில்லை. அதை எழுதியவர் பெரிய நினைவகம் உள்ள கைப்பேசியில் சோதித்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான். பிள்ளை விடையை முதலில் நோட்டில் எழுதட்டும். படம் பிடித்து அனுப்பினாலே போதும், நான் திருத்தித் தருகிறேன். கைப்பேசியிலேயே எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், எழுத எழுதச் சேமித்துக்கொள்ளும் குறிப்புச் செயலியில் எழுதி, பிறகு பயிற்சிப் பக்கத்தில் ஒட்டட்டும். பாடம் நடக்கும்போது யாராவது முகம் பார்த்துப் பேச அழைத்தால் அரை மணி கழித்துப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். புதுக் கைப்பேசி வாங்கக் கடன் வாங்க வேண்டாம்.

ஜூலையில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். முதல் நாள், வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவளைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிதான் அம்மா, தானாகத்தான் அழிந்திருக்கிறது" என்றேன்.

"அதைத்தானே சார் அப்பவே சொன்னேன்" என்றாள்.